மறிக்கிறவனுக்கும் தலை உண்டு

போன மாதம் நடந்த பயிற்சி முகாமில் உங்களில் ஒருவர், அடிபட்டு எழுந்து நின்ற ஒரு விளையாட்டு வீரனைப் பார்த்து, "தலையில சின்ன அடிதானே, தாங்கு, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியதை அந்த இடத்திலேயே அவருக்குச் சொல்லிவிட்டேன். அவர் கெட்டவர் அல்ல, கபடியில் உயிரையே வைத்திருக்கிறவர். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குக் கோபம் தணியவில்லை. அதனால்தான் பயிற்றுநர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். விளையாட்டு விதிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் விளையாடிய காலமெல்லாம் பிடிகாரன். கபடியில் பாடிக்கொண்டு வருகிறவனைத்தான் சனம் பார்க்கும். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடுவான். அவனை நடுக்கோட்டைத் தாண்டவிடாமல் மறித்து விழுத்துகிறவன் பிடிகாரன். தொட்டவனுக்குக் கைதட்டு. பிடித்தவன் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பவும் தன் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். என் இடது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் நேராக நீளாது. வலது காது கொஞ்சம் மடிந்துதான் இருக்கிறது. பரிசளிப்பு மேடையில் என் பெயர் கூப்பிடப்பட்டது மிகவும் குறைவு. அது எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. என் மனக்குறை வேறு.

என் அப்பாவும் அம்மாவும் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்தில் வீடு எரிந்த பிறகு வடக்கே வன்னிக்கு வந்து, கிளிநொச்சிப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். எனக்கு நினைவு தெரிந்ததெல்லாம் வன்னிதான். என் பேச்சும் வன்னிப் பேச்சுதான். ஆனாலும் களத்தில் நான் யாரையாவது விழுத்தினால், எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டுமல்ல, சிலவேளை எங்கள் பக்கத்திலிருந்தும், "தோட்டக்காட்டானுக்கு உடம்பு மட்டும் இருக்கு" என்று ஒரு குரல் வரும். பகலில் ஓர் அரிசி மில்லில் நெல் மூட்டை தூக்கினேன். மில் முதலாளிதான் எங்கள் கழகத்தின் தலைவர். என் முதுகைப் பார்த்துத்தான் அவர் என்னைக் கபடிக்கு எடுத்தார். மூட்டை தூக்குகிறவன் ஆளையும் தூக்குவான் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு பாதிதான் சரி என்று எனக்குக் காட்டியவர் எங்கள் அணியின் மூத்த பிடிகாரர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பத்தில் பிறந்து, வயல் செய்துகொண்டிருந்தவர். மெல்லிய ஆள். என்னில் பாதி எடைகூட இருக்காது. முதல் நாள் பயிற்சியில் நான் பாடி வந்தவனின் காலையே பார்த்துக்கொண்டு நின்று, மூன்றாம் முறையும் வெறும் மண்ணைப் பிடித்தபோது, அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"காலைப் பாக்காத. கால் பொய் சொல்லும். அவன்ர சத்தத்தைக் கேள். சத்தம் மெலியிற நேரம் அவன் திரும்பத்தான் வேணும்."

அதன் பிறகு நான் காதால் பிடிக்கப் பழகினேன். ஆனால் அண்ணையிடம் நான் படித்த பெரிய பாடம் இதுவல்ல. அது ஒரு மத்தியானச் சாப்பாட்டில் வந்தது.

கோயில் திருவிழாவை ஒட்டி ஒரு போட்டி. காலையில் இரண்டு ஆட்டங்களிலும் வென்று, பின்னேரம் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். மத்தியானம் தலைவர் வீட்டில் சாப்பாடு. பாடுகிறவர்கள் மூவருக்கும் விறாந்தையில் உட்காரக் கதிரை போட்டு, தலைவரோடு சாப்பாடு பரிமாறப்பட்டது. பிடிகாரர் நான்கு பேர். அதில் மூன்று பேர் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். எங்களுக்கு மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில், மாமரத்தடியில் இலை போட்டிருந்தார்கள். அதே சோறு, அதே கறிதான். ஆனால் சாணி மணத்துக்குள் குந்தியிருந்து சாப்பிடச் சொன்னார்கள். அண்ணையை மட்டும் உள்ளே வரச் சொன்னார் தலைவர். அண்ணை, பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அவர் எங்களோடும் வந்து இருக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. இவரும் அவர்களோடுதான் என்று நினைத்தேன்.

பின்னேரம் களத்துக்கு இறங்குவதற்குச் சற்று முன் அவர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். இன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறோம் என்றார். நான் திகைத்துப்போனேன்.

"தோத்துப்போவம் அண்ணை."

"ஓம். தோக்கிறது ஆரெண்டு அவைக்குத் தெரியட்டும்."

எதிரணியில் முதலாவதாகப் பாடி வந்தவன், நான்கு பேர் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, இது ஏதோ சூழ்ச்சி என்று பயந்து, யாரையும் தொடாமலே திரும்பி ஓடினான். சனம் சிரித்தது. இரண்டாவதாக வந்தவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நடந்து வந்தான், என் தோளில் தட்டினான், நடந்து போனான். அடுத்தவனும் அப்படியே. எங்கள் பாடுகிறவர்கள் மூவரும் எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். தலைவர் கோட்டோரத்துக்கு ஓடி வந்து, இது என்ன விசர்க் கூத்து என்று கேட்டார். அண்ணை சத்தம் போடவில்லை. சாப்பாட்டில் பிடிகாரருக்கு வேறு இடம் என்றால் களத்திலும் பிடிகாரருக்கு வேறு வேலைதான் என்றார். தலைவர் சுற்றிலும் பார்த்தார். அவ்வளவு சனமும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இனிமேல் எல்லோருக்கும் ஒரே பந்தி என்று வாய்க்குள் சொன்னார். அண்ணை கையை அவிழ்த்தார். நாங்களும் அவிழ்த்தோம். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றுத்தான் போனோம். ஆனால் அதன் பிறகு நான் கொட்டிலடியில் குந்திச் சாப்பிட்டதில்லை.

கோபம் எல்லோருக்கும் வரும். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரிந்தவன் குறைவு. அண்ணை மாமரத்தடிக்கு வந்து எங்கள் இலைகளைத் தூக்கி எறிந்திருந்தால், நான்கு பேர் பட்டினி கிடந்திருப்போம், அவ்வளவுதான். அவர் அதைக் களத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எங்களை விட்டால் அவர்களுக்கு ஆள் இல்லை.

இனி நான் எழுத வந்த விஷயம்.

அண்ணைக்கு முழங்கால் விட்டுப்போனதும் அவர் ஒதுங்கிக்கொண்டார். நான் அணித்தலைவனானேன். வலது மூலையில் எனக்குத் துணை முருகேசு. என்னைப் போலவே மலையகத்துக் குடும்பம். குளத்து வாய்க்காலின் கடைசியில் ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்துகொண்டிருந்தான். பெண்சாதி செல்வமணி. ஒரு கைக்குழந்தை. முருகேசு பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. பாடி வருகிறவனின் காதில் விழும்படி ஏதாவது சொல்லி, அவன் சிரிப்பை அடக்கும்போது மூச்சை விடவைத்துப் பிடிப்பான்.

அந்த வருடப் பொங்கலன்று போட்டி. போர்க்காலத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்ற காலம். ஆனையிறவுப் பக்கத்தில் ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அப்படியிருந்தும் சனம் வந்து குவிந்தது. சிரிக்கிறதற்கு ஓர் இடம் வேண்டும்தானே. இறுதியாட்டத்தில் எங்களுக்கு எதிராக வந்தது பூநகரிக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்தவர்களின் அணி. அவர்களில் பாடுகிறவன் அருளப்பு, மீன்பிடிகாரன். காற்றில் திரும்புகிற ஆள். அவனைப் போல ஒருவனை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

ஆட்டம் சமமாக இருந்தது. அருளப்பு பாடிக்கொண்டு வந்து என்னைத் தொடுகிற மாதிரிக் காட்டிவிட்டுத் துள்ளித் திரும்பினான். முருகேசு அவனுடைய கணுக்காலுக்குப் பாய்ந்தான். கீழே வந்த முழங்கால் முருகேசுவின் நெற்றிப் பொட்டில் பட்டது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஆனாலும் முருகேசு காலை விடவில்லை. நாங்கள் மேலே விழுந்து அருளப்புவை அமுக்கினோம். புள்ளி எங்களுக்கு. சனம் எழும்பி நின்று கத்தியது.

முருகேசு எழும்பினான், மண்ணைத் தட்டினான், நடந்துபோய் இடது மூலையில் நின்றான். அவனுடைய இடம் வலது மூலை. நான் அவனுக்குக் கிட்டப் போனேன்.

"மச்சான், இப்ப ஆர் பாடுறான்?" என்று கேட்டான். அப்போது யாரும் பாடவில்லை. மத்தியஸ்தர் புள்ளியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன். தலைவர் சோடாப் போத்தலோடு வந்தார். கோட்டோரத்தில் பந்தல். பந்தலுக்குள் பிரதம விருந்தினர். மேசையில் கேடயம். முருகேசுவுக்குப் பதிலாக இறங்க இருந்தவன் மெலிந்த பொடியன். அவன் அருளப்புவுக்கு முன்னால் நிற்க மாட்டான் என்று தலைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒண்டுமில்லை, நான் நிப்பன்" என்றான் முருகேசு.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அடிபட்டவனிடம், உன்னால் முடியுமா என்று ஒருநாளும் கேட்காதீர்கள். முடியும் என்றுதான் சொல்லுவான். பிடிகாரனுக்குத் தன் இடத்தை விட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்ற பயம் எப்போதும் உண்டு. முருகேசுவைப் போல எல்லாவற்றிலும் கடைசியாக வைக்கப்பட்டவனுக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு. நான் அவனிடம் வேறு ஒன்று கேட்டேன்.

"காலமை என்ன சாப்பிட்டனி?"

பொங்கலன்று காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பேசத் தெரிந்த குழந்தையும் சொல்லும். முருகேசு யோசித்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"நாளைக்குச் சொல்லுறன்."

அவன் பகிடி விட்டதாக நினைத்துப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவன் முகத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தேன். அவன் கண்ணில் பகிடி இல்லை. தனக்கு ஏதோ தவறிப்போயிற்று என்று தெரிந்து, அதை மறைக்கப் பார்க்கிற ஒரு மனிதன்தான் அங்கே இருந்தான்.

நான் தலைவரிடம், இவனை வெளியே எடுக்க வேண்டும் என்றேன். இன்னும் சொற்ப நேரம்தான், மூலையில் சும்மா நிற்கட்டும் என்றார். சும்மா நிற்கிற மூலை என்று கபடியில் ஒன்று இல்லை. அருளப்பு அந்தப் பக்கம்தான் வருவான். நான் திரும்பவும் முடியாது என்றேன். அவர் முகம் மாறியது. பந்தலில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கழகத்துக்குத் தலைவர் நான். நீ பிடிக்கிற வேலையைப் பார். இல்லாட்டி நாளைக்கு மில்லுக்கு வரவேண்டாம்."

பிறகு முருகேசுவின் முதுகில் தட்டி, போய் நில் என்றார். அவனும் போனான். மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தார்.

இங்கே யோசிக்க அதிக நேரம் கிடைக்காது. அதனால்தான் நீங்கள் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் அம்மா இருந்தாள், தங்கச்சி இருந்தாள். அந்த நாளில் மில்லை விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முருகேசு மூலையில் நின்றுகொண்டு, யாரோ கூப்பிட்டது போலப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை. நான் நடந்துபோய், குனிந்து, அவன் இடுப்பில் தோளைக் கொடுத்து, நெல் மூட்டை தூக்குகிற மாதிரி அவனைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வெளியே நடந்தேன். அவன் என் முதுகில் குத்தினான். விடு, நான் நிற்க வேணும் என்று திமிறினான். சனம் கூவியது. எங்கள் ஆட்களே என் மேல் மண்ணை அள்ளி எறிந்தார்கள்.

சனத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, ஆட்டம் பார்க்க வந்திருந்த அண்ணை தன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை ஏற்கெனவே இயக்கி வைத்திருந்தார். பின்பெட்டியில் வைக்கோலைப் பரப்பியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முருகேசு வயிற்றைப் புரட்டிச் சத்தியெடுத்தான். பிறகு நித்திரைக்குப் போகப் பார்த்தான். செல்வமணி குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடி வந்து பாதி வழியில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா அவனுடைய கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, எப்படி நடந்தது, எப்போது நடந்தது, அதன் பிறகு விளையாடினாரா என்று கேட்டார். விளையாடவில்லை என்றேன்.

"இன்னொருக்கா தலையில பட்டிருந்தா இவரை இஞ்ச கொண்டுவந்திருக்க மாட்டியள்" என்றார்.

மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் வவுனியா என்றால் வேறு நாடு, இராணுவத்தின் பக்கம். பாதை திறந்தால்தான் அம்புலன்ஸ் போகும். பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. செல்வமணி அவன் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஒருவழியாகக் கொண்டுபோனார்கள். முருகேசு பிழைத்தான். ஆனால் வலது கை விளங்கவில்லை. சொல் ஒவ்வொன்றும் தேடித் தேடித்தான் வந்தது. சிரிப்பு மட்டும் கடைசி வரைக்கும் திரும்பி வரவில்லை.

நான் பொங்கலுக்கு மறுநாள் மில்லுக்குப் போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதை எதிர்பார்த்தே போனேன். எதிர்பாராதது வேறு.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டில் அடிபட்டு ஒருவன் படுத்துவிட்டால், அவனுடைய வயலை மற்றவர்கள் சேர்ந்து பார்த்துக்கொடுக்க வேண்டும். மாசி பிறந்ததும் முருகேசுவின் நெல் முற்றிச் சாய்ந்தது. மழை வரும் போலவும் இருந்தது. அரிவி வெட்டிக் கதிர் அறுக்க அவனுக்குக் கையும் இல்லை, ஆளும் இல்லை. நான் கேட்டுப் போனபோது கழகத்துப் பொடியன்கள் முகத்தைத் திருப்பினார்கள். ஒருவன்தான் விஷயத்தைச் சொன்னான். முருகேசு விளையாட்டில் அடிபடவில்லையாம். பொங்கலுக்கு முதல்நாள் கள்ளுக்குப் பனையில் ஏறி விழுந்தவனாம். அந்த நோவோடுதான் களத்துக்கு வந்தானாம். தலைவர் அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாராம்.

உங்களுக்குச் சொல்கிறேன், அடி ஒரு விபத்து. அருளப்புவின் முழங்காலில் ஒரு குற்றமும் இல்லை. களத்தில் திரும்பவும் நில் என்று சொன்னது பேராசை. அதைக்கூட ஒருவேளை மறக்கலாம். ஆனால் வாய் பேச முடியாமல் கிடக்கிறவனைக் குடித்துவிட்டு விழுந்தவன் ஆக்கினார்களே, அதை என்னவென்று சொல்வது? முருகேசு கள்ளுக் குடிப்பதில்லை. ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஊர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அவன் மலையகத்தான், அவனுக்காகத் தலைவரை யார் பகைப்பது?

கழகக் கூட்டம் பாடசாலையில் நடந்தது. என்னைக் கழகத்திலிருந்தும் விலக்கியிருந்தார்கள், என்றாலும் போனேன். செல்வமணியும் வந்தாள். வாசலில் நின்றவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவளாகவே வந்து நடுவில் நின்றாள். அவளுடைய பேச்சில் இன்னும் மலையகம் இருந்தது. அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அங்கே உண்டு. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

"அவரு பனை மரத்துல ஏறுனதே இல்லீங்க. ஏறத் தெரியாது. உங்களுக்காகத்தான் வுழுந்தாரு. வெட்டித் தர வேணாம். வுழுந்தது இங்கதான்னு மட்டும் சொல்லுங்க. எம் புள்ள வளந்து கேக்கும்."

தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பெண்பிள்ளை துக்கத்தில் பேசுகிறது, அடுத்த விஷயத்துக்குப் போவோம் என்றார். நான் எழும்பினேன். அவனைத் தோளில் தூக்கியது நான்தான் என்றேன். நீ கழகத்துக்குத் துரோகம் செய்தவன், உன்னுடைய சாட்சி செல்லாது என்றார்கள்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. அருளப்பு. அவன் வந்து நின்றதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பனையால் விழுந்த கதையும் கூட்டம் நடக்கிற நாளும் மீன் வியாபாரி ஒருவர் மூலம் அவன் காதுக்கு எட்டியிருக்கின்றன. முழங்காவில் ஊர்ப் பக்கத்திலிருந்து குன்றும் குழியுமான பாதையில் விடியவே சைக்கிளில் புறப்பட்டு வந்திருக்கிறான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"பனையால விழேல்லை. என்ர முழங்கால்தான் பட்டது. எனக்கு இன்னும் நோகுது" என்றான்.

அடித்தவனே வந்து சொல்கிறான். அவனுடைய சாட்சியை எப்படித் தள்ளுவது? தலைவர் எழும்பிப் போய்விட்டார். கூட்டம் முடிந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் விடியும்போது முருகேசுவின் வயல் வரம்பில் சைக்கிள்கள் சாத்தியிருந்தன. அருளப்பு இரவோடிரவாகப் போய்த் தன் அணி முழுவதையும் கூட்டி வந்திருந்தான். வலை இழுக்கிற கைகள், அரிவாள் பிடித்துப் பழக்கம் இல்லை. ஒருவன் விரலை வெட்டிக்கொண்டான். தாளை விட்டுவிட்டு நெற்கதிரை மட்டும் கொய்தவனும் உண்டு. நானும் அண்ணையும் முன்னால் நின்று காட்டிக்கொடுத்தோம். வெயில் ஏறும்போது எங்கள் கழகத்துப் பொடியன்கள் இரண்டு பேர் வந்தார்கள். யாருடைய முகத்தையும் பாராமல் வயலுக்குள் இறங்கினார்கள். பிறகு இன்னும் சிலர். மத்தியானத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோரும் வந்துவிட்டார்கள். தலைவர் வரவில்லை. முருகேசுவை ஒரு கதிரையில் வரம்பில் இருத்தியிருந்தோம். அருளப்பு அவனுக்கு முன்னால் போய்க் குந்தி, தன் முழங்காலைக் காட்டி ஏதோ சொன்னான். முருகேசு தன் இடது கையால் அந்த முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். பாடுகிறவர்களை நான் மட்டம் தட்டுகிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் மத்தியில் நிமிர்ந்து நின்ற மனிதன் பாடுகிறவன்தான்.

அதன் பிறகு, சுற்றியிருந்த அணித்தலைவர்கள் எங்களுக்குள் ஒன்று பேசிக்கொண்டோம். தலையில் அடிபட்டவன் அன்றைக்குத் திரும்ப இறங்கக்கூடாது. எந்தச் சங்கமும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. ஒரு அணி மீறினால் மற்ற அணி களத்தை விட்டு வெளியேறும், அவ்வளவுதான். சண்டை வந்து கிளிநொச்சியே எழும்பி ஓடும் வரைக்கும் அதை யாரும் மீறவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மரத்தடியில். செய்ய வேலையும் இல்லை, விளையாடக் களமும் இல்லை. இடம்பெயர்ந்த பாடசாலையொன்றில் பிள்ளைகளுக்குக் கபடி பழக்க ஆள் இல்லை என்று கேட்டார்கள். போனேன். நான் பயிற்றுநரானது அப்படித்தான். இன்றைக்கும் சிலர் என்னிடம் சொல்வார்கள், அந்தக் காலத்தில் தலையடியைப் பற்றி யாருக்கு என்ன தெரியும், தெரியாமல் செய்ததற்குக் கோபிக்கலாமா என்று. அவர்களுக்காக இந்தக் கடைசிச் சம்பவம்.

தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு போட்டி. அப்போது நான் மத்தியஸ்தராக நின்றேன். எங்கள் பழைய தலைவரும் இடம்பெயர்ந்து அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். மில் போய்விட்டது, ஆள் நன்றாக மெலிந்திருந்தார். அவருடைய மகன் ஓர் அணியில் விளையாடினான். வளர்ந்த இளைஞன், நல்ல பிடிகாரன். அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஆட்டத்தின் நடுவில் இரண்டு பேரின் தலை மோதிக்கொண்டது. மகன் விழுந்து எழும்பினான். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். நான் விசிலை ஊதுவதற்கு முன்னமே கோட்டைத் தாண்டி ஒருவர் ஓடி வந்தார். செருப்பு கழன்று பின்னால் கிடந்தது.

"நிப்பாட்டுங்கோ. தலையில பட்டிட்டுது. வெளியில எடுங்கோ அவனை."

மகன், நான் நிற்பேன் அப்பா என்றான். அவர் கேட்கவில்லை. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்குள் பார்த்து, அவனுடைய பெயரையும் ஊரையும் கேட்டு, நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார். ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொடியனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்த நிமிடம்வரை என் மனத்தின் ஒரு மூலையில், ஒருவேளை அவருக்கு உண்மையாகவே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு இடம் விட்டு வைத்திருந்தேன். அந்த இடத்தை அவரே வந்து இடித்துவிட்டார். அவருக்குத் தெரியும். பொங்கலன்றும் தெரியும். முருகேசு அவர் பெற்ற பிள்ளை இல்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆட்டம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, முருகேசு எப்படி இருக்கிறான் என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. நீங்களே போய்ப் பாருங்கோ என்று சொல்லி, அவர்கள் இருந்த ஓலைக் கொட்டிலுக்கு வழி சொன்னேன்.

போயிருக்கிறார். செல்வமணி பிறகு எனக்குச் சொன்னாள். யாரோ ஒரு ஐயா வேலிப் படலையடியில் வந்து நின்றாராம். அவள் உள்ளே வரச் சொல்லிக் கதிரையைத் துடைத்துப் போட்டாளாம். முருகேசு அவரை நிமிர்ந்து பார்த்து, சொல்லைத் தேடிப் பிடித்து, "ஆர்?" என்று கேட்டானாம். அவருடைய வாய் அசைந்ததாம். ஆனால் சொல் வரவில்லையாம். பெயரைச் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டாராம்.

"யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. அவரு வாயால சொல்லட்டும்னு நின்னேன்" என்றாள் செல்வமணி.